கறிவேப்பிலையின் மணம் மூக்கை அடையும் வழி



சென்ற மாரிகாலத்தில் ஒரு சனிக்கிழமை காலை, ஆறாம் வகுப்பில் மூன்றாம் வேற்றுமையைக் கற்பித்துக்கொண்டிருந்தோம். பின்வரிசையில் இருந்த ஒரு மாணவி கையை உயர்த்தினாள். வேற்றுமையில் ஐயம் போலும் என்று மகிழ்ந்தோம். அவள் கேட்டதோ வேறு: “சேர், எங்கட வீட்டு மணம் எங்களுக்கு ஏன் தெரியிறேல்லை? மற்றாக்களுக்கு மட்டும் ஏன் தெரியுது?”

வகுப்பு முதலிற் சிரித்தது. பின்னர் அமைதியாயிற்று. அந்த அமைதியைக் கண்டபோது, இக்கேள்வி ஒருத்தியின் கேள்வி மட்டுமன்று என்பது எமக்கு விளங்கியது. பாடம் முடிந்து பிள்ளையை அழைத்துச் செல்ல வந்த தாயாரிடம் இதனைச் சொன்னோம். அவர் சிறிது தயங்கிவிட்டு, வாரநாட்களில் தாம் தாளிப்பதையே நிறுத்தி மூன்று மாதமாயிற்று என்றார். பிள்ளையின் குளிர்ச்சட்டையில் மணம் ஏறுகிறதாம். டெனிசுப் பள்ளியில் யாரோ ஏதோ சொன்னார்களாம். வெள்ளிக்கிழமை மாலை மட்டும் கடுகும் வெங்காயமும் கறிவேப்பிலையும் அவ்வீட்டுச் சட்டியைக் காணுமாம்.

அடுத்த வாரம் விடை சொல்வதாக வாக்களித்தோம். ஒரு வாரத்துப் பாடத்தில் அது அடங்கவில்லை. எஞ்சியதையும் சேர்த்து இம்மலரில் எழுதுகின்றோம். தாயகத்தில் உயர்தர வகுப்புகளுக்கு இரசாயனம் கற்பித்த பழக்கம் எம்மை இன்னும் விட்டபாடில்லை. ஆதலின் இலக்கணம் கற்பிக்கும் வாத்தியார் அறிவியலில் நுழைவதைப் பொறுத்தருள்க.

முதலில் மணம் என்பது யாது? அது ஒளியைப் போல அலையன்று, ஒலியைப் போல அதிர்வுமன்று. அது பொருள். கறிவேப்பிலை மணக்கிறது என்றால், அவ்விலையினின்றும் பிரிந்த உண்மையான மூலக்கூறுகள் காற்றில் மிதந்து வந்து எமது மூக்கினுள் புகுந்துவிட்டன என்பதே கருத்து. கல்லும் கண்ணாடியும் மணப்பதில்லை. அவற்றிலிருந்து எதுவும் ஆவியாகப் பறப்பதில்லை. உப்பும் சீனியும் மணமற்றவை என்பதற்கும் அதுவே காரணம். மணக்க வேண்டுமாயின் மூலக்கூறு சிறியதாகவும் எளிதில் ஆவியாகக் கூடியதாகவும் இருத்தல் வேண்டும். சூடு ஏறினால் ஆவியாதல் கூடும். குளிர்ந்த கறி அடங்கி மணப்பதும், கொதிக்கும் எண்ணெயில் விழுந்த இலை மாடிப்படி வரை மணப்பதும் இதனாலேயே.

கறிவேப்பிலையை எடுத்துக்கொண்டமைக்கு இன்னொரு காரணமும் உண்டு. அதன் தாவரவியற் பெயர் மறயா கொனிகி. பேர்கேரா கொனிகி என்பது அதன் மற்றைய பெயர். 1771 இல் லின்னேயசு என்னும் சுவீடன் அறிஞர் இப்பெயரைச் சூட்டினார். ‘கொனிகி’ என்பது யோகான் கெராட் கேனிக் என்பவரைக் குறிக்கும். இவர் 1728 இற் பிறந்தவர்; லின்னேயசின் மாணாக்கர்; டென்மார்க்கில் வாழ்ந்து, ஐசுலாந்துக்குச் சென்று அங்குள்ள தாவரங்களைச் சேகரித்தவர். பின்னர் டெனிசு மிசனின் மருத்துவராகத் தமிழ்நாட்டிலுள்ள தரங்கம்பாடிக்குக் கப்பலேறினார். தரங்கம்பாடி 1620 முதல் 1845 வரை டென்மார்க்கின் வசம் இருந்த துறைமுகம் என்பதை உங்களிற் பலர் டெனிசுப் பள்ளியில் ‘டிரான்கெபார்’ என்ற பெயரிற் கேள்விப்பட்டிருப்பீர்கள். கேனிக் அங்கே மருத்துவத்தோடு நில்லாமல் செடிகொடிகளைத் திரட்டி ஐரோப்பாவுக்கு அனுப்பினார். 1785 இல் இந்தியாவிலேயே காலமானார். ஆகவே, வெள்ளிக்கிழமை மாலை மட்டும் அச்சட்டியில் விழும் இலை, டென்மார்க்குக்கு முற்றிலும் அந்நியமானது என்று எவரும் சொல்லுதற்கில்லை. இருநூற்றைம்பது ஆண்டுகளாக அது டெனிசு மிசனின் மருத்துவர் ஒருவரைத் தன் பெயரிற் சுமந்து நிற்கிறது.

கறிவேப்பிலையின் மணத்தை ஆக்கும் பொருள்கள் யாவை என்பதை ஜேர்மனியின் ஃபிரைசிங் நகரில் மார்ட்டின் ஸ்டைன்ஹவுஸ் என்னும் இரசாயனர் ஆராய்ந்து 2015 இல் வெளியிட்டார். இலையிலே ஆவியாகும் பொருள்கள் பல உண்டு. பச்சைப் புல்லின் மணமுடைய ஒன்று, பூமணமுடைய ஒன்று, பைன் மரத்தின் பிசினை ஒத்த ஒன்று என அவை நீளும். ஆனால் கறிவேப்பிலையைக் கறிவேப்பிலையாக்குவது பீனைல்எத்தேன்தயோல் என்னும் பொருள். எட்டுக் காபன் அணுக்கள், பத்து ஐதரசன் அணுக்கள், ஒரேயொரு கந்தக அணு. அந்த ஒற்றைக் கந்தகத்திலேயே சூட்சுமம் இருக்கிறது. தனியே முகர்ந்தால் இப்பொருள் கருகிய கந்தக மணமே தரும் என்கிறார்கள். இலையில் மிக மிகச் சிறிய அளவிலேயே இருந்தாலும் எமது மூக்கு அதனைத் தவறவிடுவதில்லை.

இனி மூக்கினுள் நிகழ்வதைப் பார்ப்போம். இதுவே பாடத்தின் நடுப்பகுதி. மாணவர்கள் சற்றுப் பொறுமையோடு வாசிக்கவும்.

மூக்குத் துவாரங்களின் வழியே மேலே சென்றால், கண்களுக்கிடையே உள்ள உயரத்தில், மூக்கறையின் கூரையில் சில சதுர சதமமீற்றர் பரப்புள்ள ஒரு மென்படலம் இருக்கிறது. அதனை மணநுகர் மேலணி என்போம். அதிலே பல மில்லியன் நரம்புக்கலங்கள் நெருங்கி நிற்கின்றன. ஒவ்வொரு கலத்தின் நுனியிலும் நுண்ணிய பிசிர்கள் உண்டு. அவை சீதத்தினுள் அமிழ்ந்து, குளத்து நீரிற் பாசி அசைவதுபோற் பரந்து கிடக்கின்றன. காற்றோடு வந்த மூலக்கூறு முதலில் அச்சீதத்தில் கரைய வேண்டும். கரைந்தபின் பிசிரின் மென்சவ்வைத் தொடும். அம்மென்சவ்விலே புரதத்தாலான வாங்கிகள் பொருந்தியுள்ளன. ஒவ்வொரு வாங்கியும் மென்சவ்வை ஏழு முறை ஊடுருவி மடிந்து நிற்கும் நீண்ட புரதம். மடிப்புகளின் நடுவே ஒரு சிறு பொந்து. மூலக்கூறு அப்பொந்தினுட் பொருந்தினால் வாங்கியின் உருவம் சிறிது மாறும். அம்மாற்றமே தொடக்கம்.

உருவம் மாறிய வாங்கி, கலத்தின் உட்புறத்தே காத்திருக்கும் இன்னொரு புரதத்தைத் தட்டியெழுப்பும். அது ஒரு நொதியத்தை ஏவும். அந்நொதியம் செய்தி காவும் சிறு மூலக்கூறுகளை ஏராளமாக ஆக்கும். அவை மென்சவ்விலுள்ள வாயில்களைத் திறக்கும். திறந்த வாயில்களால் சோடியம், கல்சியம் அயன்கள் உள்ளே பாயும். தொடர்ந்து குளோரைட்டு அயன்கள் வெளியேறும். கலத்தின் மின்னேற்றம் மாறி நரம்புக் கணத்தாக்கம் பிறக்கும். அது எலும்பிலுள்ள சல்லடைத் துளைகளினூடே சென்று மூளையின் அடியிலுள்ள நுகர்ச்சிக் குமிழை அடையும். இவ்வளவும் நடந்து முடிய ஒரு நொடி வேண்டியதில்லை. ஒருவர் கதவைத் தட்ட, உள்ளே ஒருவர் மற்றவரை எழுப்ப, அவர் வீடு முழுவதையும் எழுப்புவதைப் போன்றது இது. சின்னத் தட்டலொன்று பெரிய ஆரவாரமாகிறது. ஆதலாற்றான் மிகச்சில மூலக்கூறுகளும் எமக்குப் புலனாகின்றன.

இவ்வாங்கிகளுக்குரிய பரம்பரையலகுகளை அமெரிக்காவில் லிண்டா பக், ரிச்சர்ட் அக்செல் என்னும் இருவர் 1991 இற் கண்டறிந்தனர். அதற்காக 2004 ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு அவர்களுக்கு வழங்கப்பட்டது. சுண்டெலிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட வகையான மணவாங்கிகள் உண்டு. மனிதருக்கு ஏறத்தாழ 400 மட்டுமே. தொல்காப்பியர் மரபியலில் உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் வகுக்கும்போது, மூக்கறிவை மூன்றாவதாக வைத்து, கறையானையும் எறும்பையும் மூவறிவுயிர்கள் என்றார். இன்று ஆராய்ந்தவர்கள் சில எறும்பினங்களிலும் ஏறத்தாழ நானூறு வகை மணவாங்கிகள் இருக்கக் காண்கின்றனர். எறும்பின் வாங்கி வேறு அமைப்புடையது. எனினும் மூக்கின் கணக்கில் எறும்பு எமக்குக் குறைந்ததன்று.

நானூறு வாங்கிகளைக் கொண்டு எண்ணிறந்த மணங்களை எவ்வாறு பிரித்தறிகிறோம்? இது தமிழ்ப் பள்ளி மாணவருக்குக் கடினமான வினாவன்று. முதலெழுத்துகள் முப்பதே, அவற்றைக் கொண்டு எத்தனை சொற்கள்! ஒவ்வொரு நரம்புக்கலமும் ஒரு வகை வாங்கியையே தாங்கும். ஆனால் ஒரு மூலக்கூறு பல வகை வாங்கிகளைத் தொடும். ஒரு வாங்கியும் பல மூலக்கூறுகளுக்கு இடம் கொடுக்கும். எந்தெந்த வாங்கிகள் எழுந்தன என்ற கூட்டத்தையே மூளை ஒரு சொல்லாக வாசிக்கிறது. ஓரெழுத்து மாறினால் ‘கடல்’ ‘மடல்’ ஆவதுபோல, ஒரு வாங்கி கூடினாலோ குறைந்தாலோ மணம் வேறாகிவிடும்.

எழுத்து மாறினால் என்னவாகும் என்பதை நாம் அனுபவத்திற் கற்றோம். இந்நாட்டுக்கு வந்த புதிதில், முகாமின் பொதுச் சமையலறையிற் பருப்புச் சமைக்க எண்ணிக் கடைக்குச் சென்றோம். ‘கொம்மன்’ என்று எழுதிய சிறு பொதியில் நற்சீரகத்தை ஒத்த விதைகள். நிறமும் வடிவும் அதுவே. மகிழ்ச்சியோடு வாங்கி வந்து, வறுத்து, பருப்பிலே இட்டோம். உண்ண வந்த ஐவரும் ஒருவரையொருவர் பார்த்தனர். பல்லுக்குத் தேய்க்கும் பசை விழுந்துவிட்டதா என்று ஒருவர் கேட்டார். நற்சீரகத்துக்கு டெனிசு மொழியில் ‘ஸ்பிஸ்கொம்மன்’ என்று பெயர் என்பதும், ‘கொம்மன்’ என்பது இங்கே பாற்கட்டியிலும் சாராயத்திலும் சேர்க்கப்படும் வேறொரு விதை என்பதும் பின்னரே தெரிந்தன.

ஆனால் பற்பசை என்று சொன்ன நண்பரின் மூக்கு மிகக் கூர்மையானது. கொம்மன் விதையின் மணப்பொருள் காவோன். புதினாவின் மணப்பொருளும் காவோனே! அணுக்களின் வகையும் ஒன்று, எண்ணிக்கையும் ஒன்று, இணைந்த ஒழுங்கும் ஒன்று. வேறுபாடு யாதெனில், ஒன்று மற்றையதன் கண்ணாடி விம்பம். வலக்கையும் இடக்கையும் ஒரே அமைப்புடையன. ஆயினும் வலக்கைக்குரிய கையுறை இடக்கைக்குச் சரிவராது. இந்நாட்டுக் குளிரில் அவசரமாகக் கையுறை மாட்டும் பிள்ளைகளுக்கு இதனை விளக்கத் தேவையில்லை. வாங்கியின் பொந்தும் கையுறை போன்றதே. ஆகவே ஒரு காவோன் எழுப்பும் வாங்கிகளின் கூட்டமும் மற்றையது எழுப்பும் கூட்டமும் சிறிது வேறாகின்றன. ஒன்றைக் கொம்மன் என்கிறோம், மற்றையதைப் புதினா என்கிறோம். நற்சீரகத்தின் மணப்பொருளோ முற்றிலும் வேறான அல்டிகைட்டு வகை.

பொந்து, பொருந்துதல் என்றெல்லாம் நீண்டகாலம் ஊகத்தினாலேயே சொல்லி வந்தார்கள். மனித மணவாங்கியொன்று மூலக்கூறைப் பிடித்திருக்கும் தோற்றத்தை நேரிற் கண்டது 2023 இலேதான். இவ்வாங்கிகளைப் போதிய அளவிற் பிரித்தெடுப்பது மிகக் கடினம், எடுத்தாலும் குலைந்துவிடும். அமெரிக்காவில் ஆசிஷ் மங்லிக், ஹிரோவாக்கி மட்சுனாமி ஆகியோரின் குழுவினர், மிகக் குளிரூட்டிய இலத்திரன் நுணுக்குக்காட்டியால் இதனைச் சாதித்தனர். அக்கட்டுரையின் முதற்பெயராக நிற்பவர், முன்னர் கோப்பன்கேகன் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த கிறிஸ்தியான் பில்லெஸ்பெல. அவர்கள் கண்ட வாங்கி பிடித்திருந்த பொருள் புரொப்பியோனிக் அமிலத்தின் அயன். துளையுள்ள பாற்கட்டியின் கூரிய மணத்தில் அதற்குப் பங்குண்டு. பொந்து சிறியது, நன்றாக மூடியது. அமிலத்தின் வால் சற்று நீண்டாலும் உள்ளே அடங்காது. பொந்தைப் பெரிதாக்கும்படி புரதத்தை மாற்றியபோது, நீண்ட வாலுள்ள அமிலங்களும் அதனை எழுப்பின. கையுறைக் கதை வெறும் உவமையன்று என்பது இதனால் உறுதியாயிற்று.

ஒரே பொருள் எல்லோருக்கும் ஒரே மாதிரி மணக்கிறதா? இல்லை. இந்நாட்டில் மக்களிலும் பன்றிகளின் தொகை அதிகம் என்பதை அறிவீர்கள். ஆண்பன்றியின் இறைச்சியில் அந்திரொஸ்தெனோன் என்னும் பொருள் சேர்ந்து தகாத மணம் தரும் என்பதனாலேயே பண்ணைகளில் ஆண் குட்டிகளுக்கு விதையடிக்கும் வழக்கம் வந்தது. அப்பொருள் சிலருக்குச் சிறுநீர் போல நாறும். சிலருக்கு இனிமையாக இருக்கும். சிலருக்கு மணமே தெரியாது. ஒரு வாங்கியின் பரம்பரையலகில் உள்ள சிறு வேறுபாடே இதற்கு முக்கிய காரணம் என 2007 இற் கண்டனர். மல்லித்தழையைச் சிலர் சவர்க்காரம் என்று ஒதுக்குவதிலும் இத்தகைய பரம்பரை வேறுபாட்டுக்குச் சிறு பங்கு உண்டு. ஆகவே உணவு மேசையில் ஒரு பிள்ளை முகஞ்சுளித்தால், பெற்றோர் உடனே அதனைச் செல்லம் என்று தீர்ப்பிட வேண்டியதில்லை. அளவும் மணத்தை மாற்றும். மல்லிகையில் இந்தோல் என்னும் பொருள் சிறிதளவு இருந்து பூவுக்கு நிறைவு தருகிறது. அதே பொருள் மலத்திலும் உண்டு. வசந்தகாலத்தில் வயல்களில் விசிறும் பன்றிக் கழிவின் நாற்றத்துக்குக் காரணமானவற்றுள் ஒன்று ஸ்கற்றோல். அது இந்தோலோடு ஒரு மெதைல் கூட்டம் மட்டும் சேர்ந்தது. மல்லிகைக்கும் கழிவுக் குட்டைக்கும் உறவு அவ்வளவு நெருக்கம்.

இப்போது மாணவியின் கேள்விக்கு வருவோம். மூலக்கூறு தொடர்ந்து வந்துகொண்டேயிருந்தால் வாங்கிக்கலம் தொடர்ந்து கூவிக்கொண்டிராது. வாயில்களால் உள்ளே புகுந்த கல்சியமே, ஒரு புரதத்தோடு சேர்ந்து, அவ்வாயில்களை மந்தமாக்கிவிடும். சில நிமிடங்களில் கலம் அடங்கும். மூளையும் தன் பங்குக்கு, மாறாத செய்தியைக் கேளாமல் விட்டுவிடும். புதிய மணம் வந்தால் அறிவதற்கு இடம் வேண்டுமல்லவா? புதியதே ஆபத்தாகவோ உணவாகவோ இருக்கக்கூடும். ஆதலால் எவருக்கும் தம் வீட்டு மணம் தெரியாது. கோடை விடுமுறையில் மூன்று வாரம் கனடாவுக்கோ ஊருக்கோ சென்று திரும்பிக் கதவைத் திறக்கும் அந்த ஒரு கணத்தில் மட்டும் தெரியும். பெட்டிகளை உள்ளே வைப்பதற்குள் மறைந்துவிடும்.

இது எமக்கு மட்டும் உரிய குறையன்று. பண்ணைவீட்டுப் பிள்ளைக்குக் கழிவின் மணம் தெரியாது. பழைய பாற்கட்டி வைத்திருக்கும் குளிர்ப்பெட்டியின் மணம் அவ்வீட்டாருக்குத் தெரியாது. ஒவ்வொரு வீட்டுக்கும் மணம் உண்டு. ஒவ்வொரு வீட்டாரும் அதனை அறியாதவர். எமது மாணவியின் தோழி சொன்ன சொல்லையும் சற்று நிறுத்துப் பார்க்க வேண்டும். டெனிசு மொழியில் நறுமணத்துக்கு ‘டொஃப்ட்’ என்றும், பொதுவான மணத்துக்கு ‘லொக்ட்’ என்றும் சொல்வர். ‘லொக்ட்’ என்பது அடைமொழியின்றி வந்தால் கெட்ட மணத்தின் பக்கமே சாயும். தமிழிலும் இதுவே நடந்தது. ‘நாற்றம்’ பண்டைத் தமிழில் நறுமணத்தையும் குறித்த நல்ல சொல். இன்று அதனைப் பூவுக்குச் சொன்னால் சண்டை வரும். அத்தோழி எந்தக் கருத்திற் சொன்னாள் என்பதை நாம் அறியோம். புண்படுத்தவே சொன்னாள் என்று முடிவுகட்ட எமக்கு மனமில்லை. புண்படவில்லை என்று சொல்லவும் மனமில்லை.

சட்டையில் ஏறும் மணத்துக்கு எளிய விளக்கமும் எளிய வழியும் உண்டு. தாளிக்கும்போது மணப்பொருள்கள் எண்ணெயின் நுண்துளிகளோடு எழுகின்றன. கம்பளியும் தடித்த துணியும் அவற்றைப் பிடித்து வைத்து மெல்ல மெல்ல வெளிவிடுகின்றன. குளிருக்கு அஞ்சிச் சாளரங்களை அடைத்து வைக்கும் மாதங்களில் இது மிகும். குளிர்ச்சட்டைகளை நடையில் தொங்கவிடாமல், கதவடைத்த அறையின் அலுமாரியில் வைக்க. தாளிக்கும் பத்து நிமிடமும் புகைபோக்கியை இயக்கி, சாளரத்தைத் திறந்துவிடுக. அத்தாயாருக்கு இதனையே சொன்னோம். இப்போது வாரநாட்களிலும் அவ்வீட்டிற் கறிவேப்பிலை வெடிக்கிறது.

அடுப்பின் மணத்தை இழப்பதென்றால் என்ன என்பதை நாம் அறிவோம். 2021 ஆம் ஆண்டு தை மாதம் கொரோனா எம்மைப் பிடித்தது. காய்ச்சல் நான்கு நாளில் விட்டது. மணம் ஏழு வாரம் இல்லை. தேநீர் வெந்நீராயிற்று. மீன்குழம்பு புளிப்பும் உறைப்பும் மட்டுமாயிற்று. நாவறிவது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு முதலிய சிலவற்றையே. நாம் சுவையென்று சொல்வதிற் பெரும்பகுதி, வாயின் பின்புறமாக மூக்குக்கு ஏறும் மணமே. பின்னர் மணம் திரும்பியபோது கோணலாகத் திரும்பியது. கோப்பி எரிந்த இறப்பர் போல நாறியது, கறிவேப்பிலையும் அவ்வாறே. மனைவியார் அடுப்படியில் நிற்க, நாம் பனியில் வெளியே சென்று நின்ற நாட்கள் உண்டு. வைரசு மணநரம்புக்கலங்களை நேரே தாக்குவதைவிட, அவற்றைத் தாங்கும் அயற்கலங்களையே தாக்குகிறது என்பதும், அக்குழப்பத்தில் நரம்புக்கலங்கள் வாங்கிகளை ஆக்குவதைக் குறைத்துவிடுகின்றன என்பதும் பின்னர் தெரியவந்தன. இங்கிலாந்தின் றெடிங் பல்கலைக்கழகத்தினர் 2022 இல், கோப்பியிலுள்ள ஒரு தயோலே இக்கோணலை மிகுதியாகத் தூண்டுவதாகக் காட்டினர். தயோல் என்றால் கந்தகம். கறிவேப்பிலையின் உயிர்ப்பொருளும் தயோலே. எமது மூக்கு இரண்டையும் ஒன்றாக வெறுத்ததன் காரணம் அதுவாக இருக்கலாம் என்று எண்ணினோம்.

மேற்கு யூலாந்தின் ஹொல்ஸ்டெப்ரோவில் 2017 இல் மணம், சுவைக் கோளாறுகளுக்கெனத் தனி மருத்துவப் பிரிவு தொடங்கப்பட்டது. கொரோனாவின் பின் இத்தகைய பிரிவுகளின் தேவை பலருக்கும் விளங்கியது. பயிற்சி எளிது: றோசா, யூக்கலிப்ரசு, எலுமிச்சை, கராம்பு ஆகிய நான்கையும் காலையும் மாலையும் சில விநாடிகள் முகர வேண்டும், மாதக்கணக்கிற் செய்ய வேண்டும். மணநரம்புக்கலங்கள் வாழ்நாள் முழுவதும் புதிதாகப் பிறக்கும் அரிய வகையின. பயிற்சி அவற்றுக்குத் துணைசெய்வதாகக் கருதுகின்றனர். நாம் நான்கோடு ஐந்தாவதாக ஒரு கறிவேப்பிலையையும் கசக்கி முகர்ந்து வந்தோம். ஆடி மாதம் ஒருநாள் அது கறிவேப்பிலையாகவே மணந்தது. அன்று இருமுறை சோறு உண்டோம்.

மாணவர்களுக்கு வீட்டுவேலை. ஒரு சிட்டிகை கொம்மன், ஒரு சிட்டிகை நற்சீரகம், ஒரு புதினா இலை, ஒரு கறிவேப்பிலை ஆகியவற்றை நான்கு கிண்ணங்களில் எடுத்துக்கொள்க. கண்ணைத் துணியாற் கட்டி, மூக்கை விரல்களால் அடைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக மென்று, எதுவென்று சொல்ல முயல்க. பின்னர், மென்றபடியே மூக்கைத் திறந்து மீண்டும் சொல்க. தம்பி தங்கையர், அம்மா, அப்பா, அம்மம்மா எல்லோரிடமும் செய்து பார்த்து, விடைகளை அட்டவணைப்படுத்தி, விழா முடிந்த மறுவாரம் வகுப்புக்குக் கொண்டு வருக. எழுதும்போது நல்ல மணம், கெட்ட மணம் என்று எழுதற்க. எதனைப் போல மணக்கிறது என்று தமிழில் எழுதுக.